வெறுங்கையோடு அனுப்பாதவர்

எங்கள் அத்தான் வீட்டுக்கு யார் வந்தாலும் திரும்பிப் போகும்போது அவர்கள் கையில் ஏதாவது ஒன்று இருக்கும். மின்சார மீட்டரில் கணக்கெடுக்க வந்தவர் ஒரு தடவை ரோஜாத் தொட்டியைச் சுமந்துகொண்டு போனார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர், அத்தான் தலையில் ஒரு பாலிசியைக் கட்டிவிடலாம் என்று வந்தார். கட்டியும் விட்டார். மழை தூறுகிறதே என்று வீட்டில் இருந்த ஒரே குடையையும் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த தவணைக்கு அவர் வந்தபோது அத்தான் குடையைப் பற்றி மூச்சே விடவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அக்கா பிடித்துக்கொண்டபோது, "பாவம், மறந்துட்டாரு. ஞாபகப்படுத்தினா சங்கடப்படுவாரு" என்றார்.

"இந்த வீட்டுக்குத் திருடன் வந்தா இவரே பை எடுத்துக் கொடுத்து, வழி தெரியட்டும்னு வாசல் லைட்டையும் போட்டு விடுவாரு" என்பாள் அக்கா.

அத்தானுக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று அக்காவுக்குத் தெரியும். சின்ன வயதில் அவரையும் கூட்டிக்கொண்டு அவர் அம்மா ஓர் உறவுக்காரர் வீட்டுக்கு உதவி கேட்டுப் போயிருக்கிறார். உட்காரச் சொல்லவில்லை. கதவைப் பாதி திறந்து, பாதியிலேயே பேசி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும் வழி முழுக்க அம்மா அவர் கையைப் பிடிக்கவே இல்லை. "அம்மாவோட ரெண்டு கையும் சும்மா தொங்கிட்டு வந்துச்சு" என்று கல்யாணமான புதிதில் அத்தான் அக்காவிடம் சொன்னாராம். அப்புறம் அதைப் பற்றி அவர் பேசியதே கிடையாது. வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அவருக்கு வேலை பேருந்து நிலையத்தில். அறிவிப்பாளர். ஓட்டுநர்களும் கண்டக்டர்களும் அவரை 'மைக்' என்றுதான் கூப்பிடுவார்கள். மாடிப்படி முடிகிற இடத்தில் கண்ணாடி போட்ட சின்னக் கூண்டு ஒன்று, அதுதான் அவர் ஆபீஸ். மின்விசிறி உண்டு. ஆனால் மைக்கைத் திறக்கும்போதெல்லாம் விசிறியை நிறுத்தியாக வேண்டும், இல்லையென்றால் ஊரெல்லாம் புயலடிப்பதுபோல் கேட்கும். பேசி முடித்துப் போட, பேசப்போகும் முன் நிறுத்த என்று அவர் இடது கை எப்போதும் ஸ்விட்ச் மேலேயே இருக்கும். மேஜையில் ஒரு பழைய துவாலையை விரித்து வைத்திருப்பார். கண்ணாடி டம்ளரை வைக்கிற சத்தம் ஒலிபெருக்கியில் போய்விடக் கூடாதே என்றுதான்.

குரல் என்று பார்த்தால் பிரமாதமான கணீர்க் குரல் இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் சாவகாசமாகச் சொல்வதுபோல் இருக்கும். கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு யாராவது ஓடி வந்தால் அந்தக் குரலுக்கு இன்னொரு முகம் வரும். "சிவப்புச் சட்டை போட்ட ஒரு குட்டிப் பாப்பா என் பக்கத்துல உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுட்டு இருக்காங்க. அவங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லையாம். அம்மா மட்டும் மெதுவா மாடிக்கு வரலாம்" என்பார். பாப்பா அங்கே தொண்டை கிழிய அழுதுகொண்டிருக்கும். ஆனால் அம்மாக்காரி படியில் தடுக்கி விழாமல் வந்து சேருவாள்.

இந்த நேரத்தில்தான் நிலையத்தில் அறிவிப்புகளையெல்லாம் பதிவு செய்து கணினி வழியாகப் போடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. ஒரே ஒரு குரலைத்தான் பதிவு செய்வார்கள். யார் குரலோ அவர் அறிவிப்புப் பிரிவிலேயே இருப்பார், தடம் மாறினால் புதிதாகப் பேசிப் பதிவு செய்ய. மற்றவர்களுக்கு வேறு ஏதாவது பிரிவு. நிலையத்தில் அத்தானைத் தவிர மாலை நேரத்துக்கு ஒரு பெண் இருந்தாள். டிக்கெட் கவுன்டரிலிருந்து வந்தவள், நல்ல பெண். ஆனால் அத்தான் குரல்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அந்தப் பெண் உட்பட. பதிவுக்கு ஆள் வரும் தேதியும் முடிவாகிவிட்டது.

எனக்குப் போன் போட்டு அத்தானே சொன்னார். "மாப்ளே, நான் ரிட்டயர் ஆனாலும் என் குரல் அங்கேயே டூட்டி பார்க்கும். நான் வீட்டுல தூங்கிட்டு இருப்பேன், அங்க நானே பஸ்ஸைக் கூப்பிட்டுட்டு இருப்பேன். எப்படி?"

"சம்பளம் யாருக்கு அத்தான்? தூங்கறவருக்கா, கூப்பிடறவருக்கா?"

"உன் அக்காவுக்கு" என்றார். பின்னால் அக்கா சிரிப்பது கேட்டது.

நான் வேலைக்காக வெளிநாடு வந்து வெகுகாலம் ஆகிறது. வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல செய்தி என்றால் அத்தான் கூப்பிடுவார், கெட்ட செய்தி என்றால் அக்கா. அதனால் திரையில் அக்கா பெயரைப் பார்த்தால் நான் உட்கார்ந்துகொண்டுதான் போனை எடுப்பேன். அந்த வாரக் கடைசியில் ஒரு காலை அக்கா கூப்பிட்டாள்.

"டேய், அவருக்குப் பல்லு உடைஞ்சிடுச்சுடா. முன்பல்லு."

"விழுந்துட்டாரா?"

"ரஸ்க் தின்னாருடா! ரஸ்க்!"

டீயில் தோய்த்துச் சாப்பிடும் சாதாரண ரஸ்க். கடையில் பாக்கெட்டாக விற்பது. அத்தானுக்குத் தோய்த்தால் பிடிக்காது. மொறுமொறுவென்று முன்பல்லால் கடித்துத்தான் தின்பார். அன்றைக்கும் கடித்திருக்கிறார். சடக்கென்று ஒரு சத்தம். ரஸ்க்கின் சத்தம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருக்கிறார்கள். உள்ளங்கையில் துப்பிப் பார்த்தால் மாவு, கொஞ்சம் ரத்தம், பல்லில் பாதி. அதோடு அரிசிப் பருக்கை அளவில் சாம்பல் நிறத்தில் ஓர் உலோகத் துண்டு, ஒரு முனை கூராக.

அக்கா கெட்டிக்காரி. அந்தத் துண்டைக் கொண்டுபோய் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையிடம் காட்டியிருக்கிறாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது. "இரும்புடா, சாட்சாத் இரும்பு. மெஷின்லருந்து ஏதோ உடைஞ்சு விழுந்திருக்கு" என்றாள். பாக்கெட்டின் மேல் இருந்த நம்பருக்குப் போன் பண்ணி ஒரு மூச்சு திட்டி, வீட்டு விலாசத்தையும் கொடுத்துவிட்டாள். அத்தானை இழுத்துக்கொண்டு தெருமுனைப் பல் வைத்தியரிடம் போனாள். அவர் கூர்மையாக நின்ற பல்லை ராவி, தற்காலிகமாக ஏதோ பூசி அடைத்திருக்கிறார். வேர் ஆறின பிறகுதான் பல்லின் மேல் முழுத் தொப்பி, அதாவது கிரவுன், போட முடியும், சில வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் பதறிவிட்டது. இங்கே இருப்பவனுக்குப் பதற்றத்தைத் தவிர வேறென்ன கைவேலை? இரண்டு மொழியில் படித்த படிப்பு எதற்கு இருக்கிறது என்று, உணவுக்குள் வேறு பொருள் கிடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் தேடிப் படித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டேன்.

"அக்கா, நான் சொல்றத அப்படியே செய். மிச்ச ரஸ்க்கை யாரும் தின்னாதீங்க, குப்பையிலயும் போடாதீங்க. பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுட்டியா?"

"டப்பாவில கொட்டிட்டுக் கவரைக் கிழிச்சுப் போடற ஆளு நான். என்னமோ அன்னிக்குச் சோம்பேறித்தனம், அப்படியே இருக்கு."

"நல்ல சோம்பேறித்தனம். கவர்ல தேதி, தொகுதி எண்ணு, அதான் பேட்ச் நம்பரு, இருக்கும், அது தெரியற மாதிரி போட்டோ எடு. துண்டைக் கழுவாதே—"

"ரத்தத்தோடயா வெக்கச் சொல்றே?"

"எப்படி இருக்கோ அப்படியே. மூடி போட்ட சின்ன டப்பாவில வை. பக்கத்துல ஒரு நாணயம் வெச்சு அதையும் போட்டோ எடு. கடை பில்லைத் தேடு. எல்லாத்தையும் எடுத்துட்டு உணவுப் பாதுகாப்பு ஆபீசுக்குப் போ. கம்பெனிக்காரன் வருவான், மரியாதையாப் பேசுவான். என்ன பேசினாலும் அந்தத் துண்டை மட்டும் அவன் கையில கொடுக்காதீங்க. அது ஒண்ணுதான் இருக்கு."

"நான் கொடுப்பேனாடா?"

அவள் கொடுக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

இதற்குள் நிலையத்தில் விஷயம் வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் மறுநாள் வேலைக்குப் போய் மைக்கைத் திறந்தார். "பத்தாவது தடத்தில்" என்று ஆரம்பித்தார். 'த' வருகிற இடத்திலெல்லாம் காற்றுப் போனது. 'ஸ' வந்தால் விசில். கீழே நின்ற ஓட்டுநர் ஒருவர், "மைக்கு, என்ன குக்கர் வெச்சிருக்கியா மேல?" என்று கத்த, நடைமேடை முழுக்கச் சிரிப்பு. அத்தானும் சிரித்தாராம். சிரித்தபோது பல் தெரிந்தது. பல்லைப் பார்த்ததும் கதை கிளம்பியது. குடித்துவிட்டு விழுந்தார் என்றார்கள், எவனோ கொடுக்கல் வாங்கலில் கைவைத்துவிட்டான் என்றார்கள். ரஸ்க் தின்று பல் உடைந்தது என்ற உண்மைதான் இருப்பதிலேயே நம்ப முடியாத கதையாக இருந்தது.

மேலாளர் கெட்டவர் இல்லை. அத்தானை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கிறார்.

"பதிவைத் தள்ளி வெக்கலாம். சவுண்டுக்காரங்ககிட்ட நானே பேசறேன். ஆனா ஏன் தள்ளி வெக்கறேன்னு மேலிடம் கேக்கும். அடிதடியில பல்லு போச்சுன்னு எவனோ மொட்டைக் கடுதாசி வேற போட்டிருக்கான்."

"சார், ரஸ்க்குல இரும்பு இருந்துச்சு சார்."

"உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன ஆகப்போவுது? ஒரு பேப்பர் கொண்டாங்க. கம்பெனி கொடுத்தாலும் சரி, சர்க்கார் கொடுத்தாலும் சரி. 'ஆமா, எங்க ரஸ்க்குல இருந்துச்சு'ன்னு ஒரு வரி போதும். பல்லு கட்டற வரைக்கும் நான் இழுத்துப் பிடிக்கறேன்."

அத்தானுக்கு நஷ்டஈடு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு வரிதான் வேண்டும். அதற்கு அந்தப் பருக்கை அளவு இரும்பைத் தவிர வேறு ஆதாரம் உலகத்தில் இல்லை.

அக்கா உணவுப் பாதுகாப்பு ஆபீசுக்குக் கிளம்பினாள். புறப்படும்போது கையில் போட்டோ இருந்த போனும் பில்லும் மட்டும்தான். துண்டையும் பாக்கெட்டையும் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். முதலில் யாரைப் பார்க்க வேண்டும், எந்த ஜன்னல், ரசீது கொடுப்பார்களா என்றெல்லாம் தெரிந்துகொண்டு அப்புறம் எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தாள். அரசாங்க ஆபீசுக்குப் போய் வந்தவர்கள் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். கொடுத்த பொருள் எந்த மேஜையில் போய்த் தூங்குமோ என்கிற பயம். அந்தச் சின்ன டப்பாவைச் சமையலறை மேல்தட்டில், உப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அத்தானிடம், "யார் வந்து கேட்டாலும் நான் வரணும்னு சொல்லுங்க" என்றாள். அவர் தலையை ஆட்டினார். வாயைத் திறந்தால் விசிலடித்ததால் அந்த நாட்களில் அவர் பெரும்பாலும் தலையைத்தான் ஆட்டினார்.

அக்கா அங்கே ஜன்னல் ஜன்னலாக நின்றுகொண்டிருந்தபோது வீட்டு மணி அடித்தது.

வந்தவர் கம்பெனிக்காரர். நடுத்தர வயது, வியர்த்துப் போயிருந்தார், இஸ்திரி போட்ட சட்டை. ஒரு கையில் பெரிய பரிசுப் பெட்டி. திறந்தால் அந்தக் கம்பெனியின் ரஸ்க், பிஸ்கட், கேக் எல்லாம் அடுக்கியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். அத்தானின் வாயைப் பார்த்து, நிஜமாகவே முகம் சுருங்கி, "ரொம்ப வலிக்குதாண்ணே?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டிலிருந்து ஒருவர்கூட அத்தானிடம் அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நாங்கள் எல்லாரும் தொகுதி எண்ணைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அத்தான் டீ போட்டுக் கொடுத்தார். பேச்சு வளர்ந்தது. என்ன வேலை என்று அவர் கேட்க, அத்தான் சொல்ல, அந்த ஆள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணே, பஸ் ஸ்டாண்டு குரல் நீங்களா? சின்னப் பிள்ளையில நான் அங்க தொலைஞ்சு போயிருக்கேண்ணே. மாடியில கண்ணாடி ரூம்ல உட்கார வெச்சு எனக்கு பிஸ்கட் கொடுத்து, எங்கம்மாவை மைக்குல கூப்பிட்டது நீங்கதாண்ணே!"

அது உண்மையா, அத்தான் வேலையைப் பற்றிக் கேட்டறிந்து ஒரு நிமிடத்தில் கட்டியதா, எனக்கு இன்றுவரை தெரியாது. அத்தான் அந்த வேலைக்கு வந்த காலத்தையும் அந்த ஆளின் வயதையும் வைத்து அக்கா மனக்கணக்குப் போட்டு, "புளுகன்!" என்று முடித்துவிட்டாள். அத்தானோ இன்றைக்கும், "நிறைய பிள்ளைங்க வந்தாங்கல்ல, இருக்கலாம்" என்கிறார்.

கிளம்பும்போது அந்த ஆள் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். "அண்ணே, அந்தத் துண்டையும் கவரையும் கொடுத்தீங்கன்னா ஆய்வகத்துல காட்டி, எங்க தப்புதான்னு ரெண்டே நாள்ல எழுதி வாங்கிடுவேன். வெறுங்கையோட போனா ஆபீஸ்ல என்னைத்தான் கேப்பாங்க."

வெறுங்கை. அந்தச் சொல்லை அவர் வேண்டுமென்றே சொல்லியிருக்க வழியில்லை. அத்தான் எழுந்து சமையலறைக்குப் போனார். அக்கா ஒளித்து வைத்த இடம் அவருக்குத் தெரியும். அந்த வீட்டில் அக்கா எதை ஒளித்தாலும் உப்பு டப்பாவுக்குப் பின்னால்தான். துண்டு இருந்த டப்பா, மிச்ச ரஸ்க்கோடு பாக்கெட், எல்லாவற்றையும் எடுத்தார். பாக்கெட்டை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு போனால் ரஸ்க் நொறுங்கிவிடுமே என்று, அக்கா விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் பூப்போட்ட துணிப்பையைத் தேடி எடுத்து, அதில் போட்டுக் கொடுத்தார். தெருமுனை வரை கூட நடந்து போய் வழியனுப்பினார்.

அக்கா ஒரு மணி நேரம் கழித்து வெற்றிக் களையோடு வந்தாள். சரியான ஜன்னலைக் கண்டுபிடித்துவிட்டாள். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டு, "போட்டோவை ஆய்வகத்துல வெச்சுச் சோதிக்க முடியாதும்மா. பொருளைக் கொண்டு வாங்க, இன்னிக்கே பதிவு பண்றேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் போய் உப்பு டப்பாவை நகர்த்தினாள்.

என் போன் அடித்தது. அக்கா பெயர்.

"கொடுத்துட்டாருடா. பையில போட்டுக் கொடுத்திருக்காரு. என் பூப்போட்ட பையில!" அழுகையா, கோபமா என்று பிரிக்க முடியாத குரல். "தொலைஞ்ச பிள்ளையாம்! வந்தவன் தொலைஞ்சு போனானோ இல்லையோ, நம்ம பொருளைத் தொலைச்சிட்டுப் போயிட்டான்!"

"அத்தான்கிட்டக் கொடு" என்றேன்.

அத்தான் வாங்கிப் பேசினார். ஒவ்வொரு 'த'வுக்கும் காற்றுப் போக, "மாப்ளே, அவரு நல்ல மனுஷன். ரெண்டு நாள்ல எழுதித் தர்றேன்னாரு" என்றார். எனக்குச் சொல்ல இருந்ததையெல்லாம் அக்கா ஏற்கெனவே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாளில் வரவில்லை. அந்த ஆளின் நம்பருக்குப் போன் செய்தால் மணி மட்டும் அடித்தது. பதிவுத் தேதிக்கு முந்தின நாள் கம்பெனியிலிருந்து அறிக்கை வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. அக்கா போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி, போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் ஒரு முறை படித்தேன். இன்னொரு முறை படித்தேன்.

"என்னடா போட்டிருக்கான்?"

இரண்டு மொழி தெரிந்தவனுக்கு இப்படியும் ஒரு வேலை வரும். கம்பெனியின் வாக்கியத்தை என் வாயால் என் அக்காவுக்குச் சொன்னேன். தங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் பல் அடைக்கப் பயன்படும் கலவை என்று தெரியவந்துள்ளது. அது வாடிக்கையாளரின் சொந்தப் பல்லிலிருந்தே பெயர்ந்திருக்கக்கூடும். வாடிக்கையாளர் விரைவில் குணமடைய வாழ்த்துகள்.

அக்கா கேட்டாள். "காந்தத்துல ஒட்டுச்சேடா. பல்லு அடைக்கற மாவு காந்தத்துல ஒட்டுமா?"

"ஒட்டாதுக்கா."

"நான் பார்த்தேனேடா."

"நீ பார்த்தே. வேற யாரு பார்த்தா?"

பல் வைத்தியரிடம் ஓடினார்கள். அத்தான் வாயில் அதற்குமுன் அடைத்த பல்லே கிடையாது, ஆயுசில் பல் டாக்டர் வாசலை மிதித்தவரில்லை என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். அவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "என்கிட்ட வந்ததே உடைஞ்ச பிறகுதானே? அந்தப் பல்லுல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? இப்ப அடைச்சிருக்கு, அதை வேணா எழுதித் தர்றேன்." அது கம்பெனிக்குத்தான் உதவும். வேண்டாம் என்று எழுந்து வந்தார்கள். உணவு அதிகாரியிடமும் அக்கா போனாள். "கொடுக்காம இருந்திருக்கணும்மா" என்றார் அவர். அத்தோடு சரி. அதைச் சொல்ல ஓர் அதிகாரி தேவையா?

மேலாளர் அறிக்கையைப் படித்துவிட்டு அதை மடித்து மேஜையில் வைத்திருக்கிறார். "நீங்க பேப்பரே இல்லன்னு சொல்லியிருந்தாக்கூட ஏதாவது பண்ணியிருப்பேன். இப்ப பேப்பர் இருக்கே" என்றாராம். கம்பெனி அந்த அறிக்கையின் நகலை நிலையத்துக்கும் மரியாதையாக அனுப்பி வைத்திருந்தது. எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று அந்த நல்ல மனுஷர் டீ குடிக்கும்போது கேட்டது வீண் போகவில்லை.

பதிவு சொன்ன தேதியில் நடந்தது. அத்தானுக்கும் வாய்ப்புக் கொடுத்தார்கள். ஒலிப்பதிவு ஆள் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு மூன்று வாக்கியம் கேட்டார். நான்காவதற்கு முன் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "சார் கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றார். அதற்குப் பிறகு மறுபடி மாட்டவில்லை. அந்தப் பெண் உள்ளே போகும்முன் அத்தான் காலில் விழாத குறை. "நீங்க வேண்டாம்னு சொன்னா நான் பேசலை சார்" என்றாள். அத்தான் அவளிடம், "பேசும்மா. தடம் நம்பரை மட்டும் கொஞ்சம் இழுத்துச் சொல்லு, வயசானவங்களுக்குக் கேக்காது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவளையும் அவர் வெறுங்கையோடு உள்ளே அனுப்பவில்லை.

கம்பெனிக்காரர் கொண்டுவந்த பரிசுப் பெட்டி யாரும் தொடாமலே பரண்மேல் கிடந்தது. தூக்கிப் போடலாம் என்றால் அக்கா விடவில்லை. "இருக்கட்டும். இதையும் இவரு யாருக்காவது தூக்கிக் கொடுக்கறாரான்னு பார்க்கறதுக்கு" என்றாள். தேதி முடிந்த பிறகு எறும்பு வந்து அதுவே முடிவெடுத்தது.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். அத்தானுக்குத் தொப்பிப் பல் கட்டியாகிவிட்டது. பேச்சு முக்கால்வாசி சரியாகிவிட்டது. 'ஸ' மட்டும் இன்னும் லேசாக வழுக்கும். இனி அது சரியானாலும் ஆகாவிட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. அவரை மாற்றியிருந்த பிரிவு தவறவிட்ட பொருட்கள் அறை. மாடிப்படிக்கு நேர் கீழே, பழைய கூண்டுக்குச் செங்குத்தாக அடியில் இருந்தது. ஜன்னல் இல்லை. மின்விசிறி உண்டு, நிறுத்தாமல் ஓடியது.

சுவர் முழுக்கத் தட்டுகள். குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைக் கால் ஷூக்கள், ஹெல்மெட்டுகள், ஒரு டிஃபன் கேரியரின் நடு அடுக்கு மட்டும். சாப்பாட்டு டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய சீட்டு தொங்கியது. மேலே அந்தப் பெண்ணின் குரல், தடம் நம்பரைக் கொஞ்சம் இழுத்து, பேருந்துகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. தொலைந்த பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிடக் கணினியில் ஒரே ஒரு வாக்கியம் பதிந்து வைத்திருக்கிறார்களாம். எந்தச் சட்டையும் கிடையாது, பிஸ்கட்டும் கிடையாது. "குழந்தையைத் தவறவிட்டவர்கள் அலுவலகத்தை அணுகவும்."

நான் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் வந்தாள். இடுப்பில் தூக்கமும் அழுகையுமாக ஒரு குழந்தை. தட்டிலிருந்த நீலநிறத் தண்ணீர் பாட்டிலைப் பார்த்ததும் குழந்தை கை நீட்டியது.

"அதோ, அதுதான் சார். நேத்து பஸ்ஸுல விட்டுட்டோம்" என்றாள் அவள், நிம்மதியாக.

அத்தான் எழுந்திருக்கவில்லை. "உங்களோடதுன்னு என்ன அடையாளம்மா?"

அவள் சிரித்துக்கொண்டே போனை நீட்டினாள். குழந்தை அதே பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிற படம். மூடியில் ஒட்டிய பூனைப் படம்கூட அதேதான். அத்தான் போனை வாங்கி உற்றுப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"போட்டோ செல்லாதும்மா. வாங்கின ரசீது இருக்கா?"

"தண்ணி பாட்டிலுக்கு யாரு சார் ரசீது வெச்சிருப்பா?"

"இருந்தா எடுத்துட்டு வாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் ஒரு சீட்டை எடுத்து அதில் இல்லாத தூசியை ஊதிக்கொண்டிருந்தார். "நல்ல ஆளுங்கய்யா" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். குழந்தை அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டியபடியே போனது.

"அத்தான், அது அந்தக் குழந்தையோடதுதான்" என்றேன்.

"தெரியும் மாப்ளே."

"அப்புறம் ஏன்?"

அவர் எழுந்து போய், சற்றே கோணியிருந்த அந்த நீலப் பாட்டிலை நேராக்கி, சீட்டு வெளிப்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தார்.

"எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போவுது?" என்றார்.